ஓர் ஆளுக்கு மட்டும்

ஒரு வண்டி எப்படி இருக்கவேண்டும் என்று மனிதரைக் கேட்டால், வெளியில் சொல்லக்கூடியதை எல்லாம் முதலில் சொல்லிவிட்டு, உண்மையில் வேண்டியதைக் கடைசியில்தான் சொல்வார்கள். அந்த ஒற்றை ஆள் பனி வண்டியைச் செய்தவர்கள் வடநோர்வேயில் வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள். பாரம் குறைவாக இருக்கவேண்டும், பனியில் புதைந்தால் ஓர் ஆளே தூக்கி வெளியே வைக்கவேண்டும் என்றார்கள் சனங்கள். சில்லு வேண்டாம், புதையாத அகல ரப்பர் பெல்ட் வேண்டும். சத்தம் கூடாது, பெற்றோல் மணக்கக்கூடாது. கைபிடி சூடாக இருந்தால் நல்லது, வீட்டு நடைக்குள் கொண்டுவந்து நிறுத்த முடிந்தால் இன்னும் நல்லது. இவ்வளவும் சொல்லி முடித்த பிறகு, கொஞ்சம் குரலைத் தணித்துக்கொண்டு, பனிப்புயலில் அகப்பட்டால் என்னை எப்படியாவது வீட்டில் கொண்டுவந்து சேர்த்துவிடவேண்டும் என்றார்கள். செய்தவர்கள் கெட்டிக்காரர்கள். மற்றதை எல்லாம் முடிந்த அளவுக்குச் செய்தார்கள், கடைசியில் சொன்னதை அச்சொட்டாகச் செய்தார்கள்.

கொல்விக் என்ற கடலோர ஊரில், நண்டு ஆலையில் வேலை செய்த சுகந்தினியும் அப்படி ஒன்றை வாங்கினாள். அவளுடைய வீட்டுக்கும் ஆலைக்கும் இடையில் மரம் மட்டை இல்லாத மொட்டை மேட்டுநிலம். காற்று எழும்பினால் பாதையை மூடிவிடுவார்கள். மூடினால் ஆலையிலேயே மர வாங்கில் படுத்துக் கிடக்கவேண்டியதுதான். சனி ஞாயிறு பாராமல் நண்டுக்கால் உடைத்து, விரலெல்லாம் வெடித்து, அந்த உழைப்பில் வாங்கிய வண்டி. அந்த வட்டாரத்துத் தமிழர்கள் அதை ஸ்கூட்டர் என்றுதான் சொன்னார்கள். ஒக்டோபர் முதற்பனியோடு ஸ்கூட்டர் வாசலில் வந்து இறங்கிய அன்றே சண்டையும் வந்து இறங்கியது.

கணவன் குலேந்திரன் நல்ல மனிதன்தான். ஆனால் பஞ்சாங்கத்தைக் கேட்காமல் பல்லும் விளக்கமாட்டான். சுகந்தினி சப்பாத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு வண்டியில் ஏறப்போனபோது, அவன் குறுக்கே வந்து நின்றான்.

"கொஞ்சம் பொறும். அக்கா முதல் இருக்கட்டும்."

"ஏனாம்? வாங்கினது நானெல்லோ?"

"உமக்கு இப்ப அட்டமத்துச் சனி நடக்குது. அக்கான்ர கைராசி உமக்குத் தெரியுந்தானே. ஒருக்கா ஏறி இருந்திட்டு இறங்கினாச் சரி."

அக்கா என்பவள் குலேந்திரனின் தமக்கை யோகராணி. அதே வீட்டின் கீழ்த்தளத்தில் தனியாக இருப்பவள், அதே நண்டு ஆலையில் மேற்பார்வை பார்ப்பவள், வீட்டிலும் அதே வேலையைச் சம்பளமில்லாமல் பார்ப்பவள். அவள் கையால் பால் காய்ச்சிய வீட்டில் பிரச்சினை வராது, அவள் முதலில் ஏறிய கார் எதிலும் மோதாது என்று ஊர்த் தமிழர் எல்லாரும் நம்பினார்கள். யோகராணியும் நம்பினாள். பெல்ட்டுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அது நசியவேயில்லை, பனிக்குள் பேசாமல் புதைந்துபோனது. யோகராணி கற்பூரத்தைத் தொட்டுக் கும்பிட்டு, ஏறி இருந்து, இரண்டு கைபிடியையும் பிடித்தாள். பச்சை விளக்கு எரிந்தது. செய்தி வாசிப்பவள் போல ஒரு குரல் கேட்டது.

"வணக்கம். உங்களை அறிந்துகொண்டேன். இனி உங்கள் பாதுகாப்பு என் பொறுப்பு."

"என்னவாம்?" என்றாள் யோகராணி.

"நல்ல சகுனம்" என்றான் குலேந்திரன்.

நல்ல சகுனம் என்னவென்று அடுத்த கிழமை கடைக்குப் போனபோதுதான் தெரிந்தது. கடையில் இருந்தவள் சாருகா. அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். சுகந்தினியும் யோகராணியும் ஆளுக்கு ஒரு பக்கமாக நிற்க, அவள் நடுவில் நின்று விளங்கப்படுத்தினாள்.

"முதல் ஆர் ஏறி இருந்து பிடியைப் பிடிக்கினமோ, அவையின்ர நாடித்துடிப்பைத்தான் அது பதியும், அக்கா. அவைதான் சொந்தக்காரர். மற்ற ஆக்கள் விருந்தாளி."

"விருந்தாளி ஓட ஏலாதோ?"

"தாராளமா ஓடலாம். ஆபத்து வந்தா மட்டும் சொந்தக்காரரைப் பார்க்கும். சார்ஜ் ஓர் ஆளுக்குத்தான் காணும் எண்டா, விருந்தாளியை இறக்கிப்போடும். சொந்தக்காரருக்கு இடுப்புப் பட்டி தானாப் பூட்டும். பிறகு அவை மயங்கினாலும் சரி, வேண்டாம் எண்டு கத்தினாலும் சரி, வீட்டு வாசலிலதான் திறக்கும்."

"கத்தினாலுமோ?"

"குளிர் மண்டைக்கு ஏறினா மனுசர் விசர்க்கதை கதைப்பினம், அக்கா. உடுப்பைக் கழட்டி எறிவினம். அந்த நேரத்துக் கதையை நம்பக்கூடாதெண்டுதான் இப்பிடிச் செய்து வைச்சிருக்கு. ஒண்டை மட்டும் எப்பவும் கேட்கும். சொந்தக்காரர் பிடியில கை வைச்சு, அதுக்குத் தெரிஞ்ச இன்னொரு ஆளின்ர பேரைச் சொல்லிக் குடுக்கலாம். விருப்பமில்லாமல் ஒருத்தரைச் சொந்தக்காரரா வைச்சிருக்கக்கூடாதெண்டு சட்டம் இருக்கு."

சுகந்தினி யோகராணியைப் பார்த்தாள். யோகராணி கண்ணாடி அலுமாரிக்குள் இருந்த கையுறைகளைப் பார்த்தாள்.

"மச்சாள், கேட்டனீங்கள்தானே. என்ர பேருக்கு மாத்தி விடுங்கோ."

"நல்ல நேரம் பார்த்துத் தொடங்கினதை உடன குலைக்கிறதோ? கொஞ்ச நாள் போகட்டும்."

"நான் ஓட்டிக்கொண்டு போற வண்டி என்னைப் பனிக்குள்ள இறக்கிப்போட்டு உங்களைத் தேடி வருமாம். அதைக் கேட்டுக்கொண்டு கல்லுமாதிரி நிக்கிறியள்."

"அதுக்கு நான் என்ன செய்ய? ஆபத்தான இடத்துக்குப் போகாதையும்."

அவ்வளவுதான். சுகந்தினிக்குக் காதெல்லாம் சூடேறியது. சாருகா இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் சுகந்தினி கடைக் கதவை அடித்துச் சாத்திவிட்டு வெளியே போய்விட்டாள். மிச்சத்தை யோகராணி மட்டும் நின்று, கைப்பையை மடியில் வைத்துக் கதிரையில் இருந்து, ஆறுதலாகக் கேட்டுவிட்டு வந்தாள்.

இந்தச் சண்டை அவர்கள் வீட்டில் மட்டும் நடந்ததல்ல. வடக்கே எல்லா ஊரிலும் ஸ்கூட்டர் ஆர் பேரில் என்று புருசனும் பெண்சாதியும் முகம் பாராமல் இருந்தார்கள். கலியாணப் பேச்சில் வீடு, நகை எல்லாம் ஒத்துவந்த பிறகு, "ஸ்கூட்டர் பிள்ளையின்ர பேரில இருக்கவேணும்" என்று பெண் வீட்டார் கேட்கத் தொடங்கினார்கள். இன்னோர் ஊரில் இரண்டு நண்பர்கள் போய், ஒருவன் மட்டும் வீட்டு வாசலில் கத்திக்கொண்டு வந்து இறங்கினான். விசாரித்தவர்கள் வண்டியில் பிழை இல்லை என்றார்கள். அவனிலும் பிழை இல்லை என்றார்கள். அதற்குப் பிறகு வண்டி இன்னும் நன்றாக விற்றது.

சூரியன் எழும்பாத மாதம் வந்தது. அந்தக் காலத்தில் அங்கே மத்தியானமும் பின்னேரம் மாதிரித்தான். அப்படி ஒரு மத்தியானத்தில், ஆலையில் எல்லார் முன்னிலையிலும் யோகராணி சுகந்தினியின் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டினாள்.

"இது நண்டோ, குப்பையோ? திருப்பி அடுக்கும்."

பக்கத்தில் நின்ற லித்துவேனியப் பெண்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவமானம் எந்த மொழியிலும் விளங்கும். சுகந்தினி திருப்பி அடுக்கினாள். கொஞ்ச நேரத்தில் காற்று எழும்பப்போகிறது, பாதையை மூடிவிட்டார்கள் என்று அறிவித்தார்கள். எல்லாரும் ஓய்வறைக்குப் போய் வாங்கு பிடித்தார்கள். யோகராணியோடு ஒரே அறையில் ஓர் இரவு கிடக்க சுகந்தினியால் முடியாது. புயல் வந்து சேர நேரம் இருக்கிறது, அதற்குள் மேட்டைக் கடந்துவிடலாம் என்று கணக்குப் போட்டு, ஸ்கூட்டரை வெளியே எடுத்தாள்.

"எங்க வெளிக்கிடுறீர்?" யோகராணி போர்வையோடு வாசலில் நின்றாள்.

"வீட்டை."

"அப்ப நானும் வாறன். இந்த வாங்கில படுத்தா என்ர இடுப்பும் நாரியும் போயிடும்."

"நீங்கள் வரத் தேவையில்லை."

"என்ர பேரில இருக்கிற வண்டியில வாறதுக்கு உம்மட்டக் கேக்கவேணுமோ?"

சாமான் இழுக்கும் சறுக்குப் பெட்டியை வண்டியின் பின்னால் கொளுவி, அதற்குள் மான்தோலை விரித்து, யோகராணி பல்லக்கில் ஏறுவதுபோல ஏறிப் படுத்துக்கொண்டாள். அவளுக்கு ஓட்டத் தெரியாது, பழக விருப்பமும் இல்லை. சுகந்தினி பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். பாதையின் இரு கரையிலும் பனிக்காலத்துக்கென்று நட்டிருந்த நெடுங்கம்பங்கள் விளக்கொளியில் ஒவ்வொன்றாக வந்து போயின.

பாதி மேடு ஏறியபோதே காற்று வந்துவிட்டது. வந்தது என்றால் மெல்ல மெல்ல வரவில்லை. கதவைத் திறந்ததுபோல ஒரே அடியாக வந்தது. பனி மேலிருந்து விழவில்லை, நிலத்திலிருந்து எழும்பி முகத்தில் அறைந்தது. கம்பங்கள் மறைந்தன. வண்டி தானே வழியைப் பார்த்து ஊர்ந்தது. பின்னால் இருந்து யோகராணியின் குரல் வந்துகொண்டேயிருந்தது.

"சொன்னனான்தானே, நில்லும் எண்டு!"

"எப்ப சொன்னனீங்கள்?"

"சொல்ல நினைச்சனான்! உமக்கு ஆர் சொல்லிக் கேட்டது!"

பெரிய வளைவைக் கடந்து, ஓடைப் பாலத்துக்கு அருகே வரும்போது வண்டி வேகம் குறைந்தது. எதிர்க்காற்றிலும் பெட்டியின் பாரத்திலும் சார்ஜ் கரைந்துகொண்டு வந்ததை சுகந்தினி கவனிக்கவில்லை. பாலம் தாண்டியதும் வீடு இருக்கும் பக்கத்துக்குப் பாதை திரும்பியும் வளைந்தும் போகும், இன்னும் கனதூரம். அப்போது செய்தி வாசிப்பவள் பேசினாள்.

"கவனிக்கவும். மின்கலத்தில் உள்ள சக்தி ஓர் ஆளுக்கு மட்டும் போதுமானது. சொந்தக்காரரை வீட்டுக்குக் கொண்டுசெல்கிறேன்."

 இனி என்ன நடக்கும் என்று சுகந்தினிக்குத் தெரியும். வண்டி நிற்கும், அவளை இறங்கச் சொல்லும், பெட்டிக்குள் சொகுசாகப் படுத்திருப்பவள் எழும்பி வந்து ஆசனத்தில் இருப்பாள். விரல் வெடிக்க வெடிக்க உழைத்து வாங்கிய வண்டியிலிருந்து இறங்கிப் பனிக்குள் நிற்கவேண்டும். இறங்கமாட்டேன் என்று அவள் கைபிடியை இறுக்கிப் பிடித்தாள். யோகராணி கிட்ட வந்தால் பிடித்துத் தள்ளிவிடுவதென்று முடிவெடுத்தாள். உண்மையாகவே முடிவெடுத்தாள்.

வண்டி நிற்கவில்லை. பட்டி வந்து சுகந்தினியின் இடுப்பைச் சுற்றிப் பூட்டிக்கொண்டது. பின்னால் கொளுவி கழன்ற சத்தம் கேட்டது. பாரம் போன வண்டி ஒரு துள்ளுத் துள்ளி முன்னால் பாய்ந்தது.

"மச்சாள்!"

திரும்பிப் பார்த்தாள். வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை.

"நிப்பாட்டு! நான் விருந்தாளி! சொந்தக்காரி பின்னால கழண்டு போனா!"

"நீங்கள்தான் சொந்தக்காரர், சுகந்தினி. ஒக்டோபர் மாதத்தில் யோகராணி என்னை உங்களுக்குக் கொடுத்தார். தயவுசெய்து அமைதியாக இருக்கவும்."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது, நன்றி வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கொடுத்துவிட்டு, மூச்சுக் காட்டாமல், இன்று மத்தியானம் வரைக்கும் என் பேரில் இருக்கிற வண்டி என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்திருக்கிறாள். எதற்காக? அவள் பட்டியைப் பிடித்து இழுத்தாள். திருப்பு என்று கத்தினாள். அடித்தாள். குளிரில் மனிதர் பேசுவதை நம்பக்கூடாது என்று பழக்கப்பட்ட வண்டி, தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது.

பெயரைச் சொல்லிக் கொடுத்தால் கேட்கும் என்பது அவளுக்கு உடனேயே நினைவு வந்தது. அதை மறைத்து என்ன பயன், வந்தது. யோகராணிக்குக் கொடுக்கிறேன் என்று சொன்னால் போதும். வண்டி அவளை இங்கே இறக்கிவிட்டு யோகராணியிடம் போகும். சொல்லவேண்டிய சொல் வாய்க்குள்ளேயே நின்றது.

ஆசனம் சூடாக இருந்தது. கைபிடி சூடாக இருந்தது. கம்பங்கள் கிட்ட வரும்போது மட்டும் தெரிந்து, ஒன்றன்பின் ஒன்றாக வந்து போயின. ஒருவரும் தன்னைக் குற்றம் சொல்லமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். வண்டி செய்தது என்பார்கள். விசாரிக்க வருகிறவர்களும் அப்படித்தான் எழுதிக்கொண்டு போவார்கள். குலேந்திரன் குழறி அழுவான், அவளும் சேர்ந்து அழலாம், அந்த அழுகை பொய்யாகவும் இருக்காது. ஆலையில் யாரும் பெட்டியைக் கவிழ்க்கமாட்டார்கள். கீழ்த்தளத்தை நல்ல ஆளாகப் பார்த்து வாடகைக்கு விடலாம். சன்னலுக்கு வேறு நிறத்தில் சீலை போடவேண்டும்.

சன்னல் சீலைவரைக்கும் போன பிறகுதான் அவளுக்குத் தன்னை நினைத்துப் பயம் வந்தது. புயலுக்கு வந்த பயத்தைவிட அது பெரிய பயம். இந்த வண்டியில் சனங்கள் உண்மையில் ஆசைப்பட்டது சூடான கைபிடிக்கு இல்லை, குற்றத்தை வாங்கி வைத்துக்கொள்ள ஓர் இடத்துக்குத்தான் என்று அவளுக்குப் பட்டது.

"யோகராணிக்குக் குடுக்கிறன்" என்றாள்.

"உறுதியாகச் சொல்கிறீர்களா?"

"ஓமடி மூதேவி, உறுதியாத்தான்!"

பள்ளிக்கூடத்துக்குப் பிரியும் சந்திக்குக் கிட்ட வண்டி நின்றது. பட்டி கழன்றது. கைபிடி அந்த நொடியே குளிரத் தொடங்கியது. "விருந்தாளி இறங்கவும்" என்றது குரல். அவள் இறங்கினாள். அது சுற்றித் திரும்பி, அவள் காலை மிதிக்காமல் கவனமாக ஒதுங்கி, வந்த வழியே போய் மறைந்தது. பெட்டியை விட்ட இடம் அதற்குத் தெரியும்.

சுகந்தினி ஒரு கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். நடந்து பார்க்கலாம் என்று நினைத்தாள். அடுத்த கம்பம் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. கண் இமை ஒட்டிக்கொண்டது. வாயில் வந்த கெட்ட வார்த்தை எல்லாவற்றாலும் தன்னைத் திட்டினாள், பிறகு யோகராணியைத் திட்டினாள், கைராசி பார்த்த புருசனைத் திட்டினாள். திட்டும்போது கொஞ்சம் சூடு வருவதுபோல இருந்தது. வார்த்தைகள் முடிந்துபோகுமே என்று கவலையாகவும் இருந்தது.

வெளிச்சம் வந்தது. வண்டியில் யோகராணி இருந்தாள், இடுப்பில் பட்டியோடு. சுகந்தினி கையை நீட்டினாள். யோகராணி வாயை ஆவென்று திறந்து எதையோ கத்தினாள், காற்று அதைக் கொண்டுபோனது. வண்டி அவள் கைக்கெட்டும் தூரத்தில் நிற்காமல் தாண்டிப் போனது.

போய்விட்டாள் என்று நினைத்தாள் சுகந்தினி. சரி, போகட்டும். எந்த மனக்குறையும் இல்லாமல் வெறுக்க இப்போதாவது ஒரு காரணம் கிடைத்தது.

உடனே வெளிச்சம் அணைந்தது. மோட்டர் சத்தமும் நின்றது. இருட்டுக்குள், நாலைந்து பாய் விரித்த தூரத்துக்கு அப்பால், ஆலையில் கேட்கிற அதே அதட்டல் குரல் கேட்டது.

"கெதியா வாடி! அங்க என்ன சாமி கும்பிட்டுக்கொண்டோ நிக்கிறாய்?"

சுகந்தினி விழுந்தெழும்பி அந்தக் குரலிடம் போனாள். யோகராணி இருண்ட வண்டியில் நடுங்கிக்கொண்டிருந்தாள். இத்தனை வருடமாக நீர், உமக்கு என்று எட்ட வைத்துப் பேசியவள், அன்று எல்லாவற்றையும் விட்டுவிட்டாள்.

"விசரி! ஏனடி என்ர பேரைச் சொன்னனி? ஒருத்தருக்கும் இல்லையெண்டு சொல்லியிருந்தா முடிஞ்சுதே!"

"அப்பிடிச் சொல்லலாமோ?"

"கடையில அந்தப் பெட்டை சொன்னவள். நீ கதவை அடிச்சுச் சாத்திப்போட்டு ஓடினாய். சொந்தக்காரர் இல்லையெண்டா உது வெறும் மோட்டரும் பெல்ட்டும். சூடு இல்லை, வழி பாராது, கதையாது, ஆரையும் இறக்காது. அதுகளுக்குப் போற சார்ஜ் எல்லாம் ஓட்டத்துக்குக் கிடக்கும்."

"அப்ப பெட்டியடியிலேயே ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா உன்னை ஆர் தேடிக் காட்டுறது? எனக்கோ இருட்டில கம்பம் தெரியும்? உன்னைக் காணுமட்டும் வைச்சிருந்தனான். ஏறு, ஏறு, கதைச்சது காணும்."

சுகந்தினிக்கு அது தோன்றவேயில்லை. என்னுடையதா, அவளுடையதா என்று இவ்வளவு காலமும் மல்லுக்கட்டியவளுக்கு, ஒருவருடையதும் இல்லை என்று ஒன்று இருக்கும் என்ற நினைப்பே வரவில்லை. அந்த வெட்கத்தைப் பிறகு பார்க்கலாம் என்று ஏறினாள்.

ஆசனம் ஓர் ஆளுக்குத்தான். யோகராணியை அதில் இருத்தி, சுகந்தினி பின் பலகையில் நின்று, அவளுக்கு மேலாகக் குனிந்து கைபிடியைப் பிடித்தாள். வேறு வழியில்லாமல் கட்டிப்பிடித்த மாதிரித்தான். யோகராணி கைவிளக்கை அடித்து ஒவ்வொரு கம்பமாகத் தேடினாள். வண்டி நடை வேகத்தில் போனது. நித்திரை வந்தால் செத்தோம் என்று இருவருக்கும் தெரியும், ஆகையால் வழி நெடுக சண்டை பிடித்தார்கள்.

"என்ர பேருக்கு மாத்தினதை ஏன் சொல்லேல்லை?"

"ஏன் சொல்லவேணும்? ஓட்டுறவள் பேரில இருக்கிறதுதான் நியாயம். மாத்தினன்."

"அதைத்தான் கேக்கிறன், ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா நீ முன்னால வந்து நிண்டு நன்றி எண்டுவாய். அந்த மூஞ்சையை என்னால பார்க்க ஏலாது."

"ஆலையில ஏன் என்ர பெட்டியைக் கவிட்டனீங்கள்?"

"நண்டு பழுது. உண்மையாவே பழுது. வலப்பக்கம், வலப்பக்கமா எடு, கம்பத்தில மோதப்போறாய்!"

ஊரின் முதல் தெருவிளக்கு தெரியும் இடத்தில் வண்டி செத்தது. மிச்சத்தை நடந்தார்கள், ஒருத்தியின் தோளில் மற்றவள். வீட்டில் குலேந்திரன் சாமிப் படத்துக்கு முன்னால் இருந்து அழுதுகொண்டிருந்தான். இருவரையும் கண்டதும் ஓடிவந்து, அக்காவின் கைராசிதான் காப்பாற்றியது என்றான். சுகந்தினி கையில் கிடைத்த சப்பாத்தை அவன்மேல் எறிந்தாள். பதினேழு வருடக் கலியாண வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

யோகராணியின் இடது காலில் இரண்டு விரல்களை எடுக்கவேண்டி வந்தது. பெட்டிக்குள் தனியாகக் கிடந்த நேரத்தில் அவை விறைத்துப்போயிருந்தன என்றார் வைத்தியர்.

அவள் ஆஸ்பத்திரியால் வந்த பிறகு, சாருகா தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அக்கா, வண்டிக்குப் புது மாற்றம் ஒண்டு வருது. இனி ஆபத்து நேரத்தில பேர் மாத்த ஏலாது. பேர் இல்லாமல் விடவும் ஏலாது. சட்டத்தையும் மாத்திப்போட்டினம்."

"ஆர் கேட்டது?"

"கன பேர் கேட்டவை, அக்கா. அந்த நேரத்தில தாங்கள் ஒண்டும் முடிவெடுக்கத் தேவையில்லை எண்டா நிம்மதியாம்."

சுகந்தினி தொலைபேசியை வைத்தாள். பிறகு சோறும் சொதியும் ஒரு தட்டில் போட்டு, கீழ்த்தளத்துக்குக் கொண்டுபோய், மேசையில் டொக்கென்று வைத்தாள். யோகராணி காலைத் தலையணையில் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தாள். அவள் மறுபடி நீர், உமக்கு என்று பேசத் தொடங்கி நாளாகிவிட்டது.

"இரும். ஒண்டு கேக்கவேணும்."

சுகந்தினி இருக்கவில்லை.

"பெட்டி கழண்ட உடனயோ என்ர பேரைச் சொன்னனீர்?"

"ஓம். உடன."

யோகராணி ஒரு பிடி சோறு குழைத்தாள். வாயில் வைக்கவில்லை.

"பாலத்தடியில என்னை விட்டது. நீர் நிண்டது பள்ளிக்கூடத்துக்குப் பிரியிற சந்திக்குக் கிட்ட. அந்தத் தூரம் முழுக்க நான் அதில இருந்து வந்தனான், சுகந்தினி."

மேலே குலேந்திரன் தொலைக்காட்சி பார்க்கும் சத்தம் கேட்டது. சுகந்தினி சன்னலைப் பார்க்காமல் இருக்க முயன்றாள். நீல நிறச் சீலை, ஓரத்தில் பூவேலை. அதையேதான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

யோகராணி சோற்றை வாயில் வைத்து மென்றாள்.

"உப்புக் காணாது" என்றாள். பிறகு, தட்டைப் பார்த்தபடியே சொன்னாள். "நானெண்டா இன்னும் கொஞ்சத் தூரம் போயிருப்பன்."

பொய். தன்னைக் கண்ட இடத்திலேயே, நாலைந்து பாய் தூரத்துக்கு மேல் போகாமல், சூட்டையும் வெளிச்சத்தையும் வழியையும் அணைத்துவிட்டு நின்றவள் அவள். இத்தனை வருடத்தில் யோகராணி செய்த எல்லாவற்றையும் தாங்கிக்கொண்ட சுகந்தினிக்கு இதைத் தாங்க முடியவில்லை. உப்பு எடுத்துவருகிறேன் என்று முணுமுணுத்துக்கொண்டு போனாள். படியில் பாதியில் குந்தியிருந்து, வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு அழுதாள்.

கீழேயிருந்து யோகராணி கத்தினாள்.

"உப்பு எடுக்கக் கடலுக்கோ போனீர்? சோறு ஆறுது!"